படுவான்கரையில் ஒரு மேடு

இலுப்பையடி வட்டை,
படுவான்கரை.
5 யூன் 1938

அன்புள்ள கண்ணகைக்கு,

தபாலில் போட்டால் நீ பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடுவாய் என்றுதான் இதை ஆதம்பாவாக் காக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். புடைவை மூட்டையோடு கிழமைக்கு ஒருதரம் தோணியில் வாவியைக் கடந்து வருகிற மனிதர். நீ வாசித்து முடிக்கும்வரை வாசல் படலையடியில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். "அதுக்கென்ன தம்பி, எனக்கென்ன அவசரம்" என்றார்.

நான் வீட்டை விட்டு வந்து இன்றைக்கு இருபத்திரண்டு நாள். இருப்பது உன் சீதனக் காணியில், உன் அனுமதி இல்லாமல். அதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. மேட்டில் கிடந்த எழுத்துக் கல்லைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கொழும்பில் தொல்பொருள் இலாகாவுக்கு எழுதினது நான். அதைப் பார்த்து இலாகாவின் வெள்ளைக்காரத் துரை வந்தார். எல்லைக்கு முளை அடித்தார்கள். "அவங்கட ஆளா என்ட காணிக்க கால் வச்சா, மறுகா என்ட வீட்டில கால் வைக்கத் தேவையில்ல" என்றாய். வைத்தேன். அதனால் இங்கே இருக்கிறேன்.

கூடாரம் இரண்டு. ஒன்றில் துரை, மற்றதில் பெட்டிகள். எனக்கு இலுக்குப் புல் வேய்ந்த ஒரு வாடி. துரைக்குத் தமிழ் தெரியாது, வேலையாட்களுக்கு இங்கிலீசு தெரியாது, நடுவில் நான். படம் வரைவதும் என் பொறுப்பு. கச்சான் காற்று காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் பொழுது சாயும்வரை ஓயாது. சோற்றில் மண், காதில் மண், மைக்கூட்டில் மண். குடிக்கிற தண்ணீர் ஆற்றுப்படுக்கையில் தோண்டின பூவலில்தான் ஊறுகிறது. ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் குந்தியிருக்க வேண்டும். உண்ணி கடித்த இடமெல்லாம் தடித்துக் கிடக்கிறது.

ஒரு உதவி. கோபத்தில் கிளம்பியதில் மூக்குக்கண்ணாடியை அலுமாரிக்கு மேல் விட்டுவிட்டேன். துரையின் பூதக்கண்ணாடியைக் கடன் வாங்கித்தான் கோடு கீறுகிறேன். அதை மட்டும் அனுப்பு. மங்கை பள்ளிக்கூடம் போகிறாளா?

உன்,
அழகரத்தினம்



தேற்றாத்தீவு
வெகுதானிய வருஷம், ஆனி 1

மங்கையின் அப்பாவுக்கு எழுதிக்கொள்வது.

கடதாசி கிடைச்சிது. அடுப்பில போடல்ல. காக்கா படலையடியில நிண்டு ரெண்டுதரம் வெத்திலை போட்டு முடிச்சிட்டார், பாவம்.

கண்ணாடி அனுப்ப மாட்டன். கண்ணாடி இல்லாமலே என்ட காணிக்க மண்ணுக்குள்ள கிடந்த கல்லு உங்கட கண்ணுக்குத் தெரிஞ்சிதே, அது போதும்.

இலுப்பையடி வட்டை என்ட அம்மா எனக்குத் தந்தது. அவவுக்கு அவட அம்மா. நான் மங்கைக்குக் குடுக்கோணும். அவளுக்குப் பதின்மூண்டு முடிஞ்சிது, அது உங்களுக்கு ஞாபகமிருந்தாச் சரி. அரசாங்கம் ஒரு முளை அடிச்சா மறுகா அதைப் பிடுங்கின ஆளை நான் கண்டதில்ல.

முல்லைக்காரன் மூத்ததம்பியும் உங்களிட்ட வேலைக்கு வந்திட்டானாம். என்ட வயலைப் பாக்கிறவன் என்ட வயலைக் கிண்டுறான், நல்லாயிருக்கு. அவனுக்குச் சொல்லுங்க, புரட்டாதி கடைசியில விதைப்பு. அதுக்கு முந்தி, கிண்டின கிடங்கெல்லாம் மூடி, முளையெல்லாம் பிடுங்கி, நீங்களெல்லாரும் போயிடோணும்.

பள்ளிக்கூடம் போறாள்.

கண்ணகை



இலுப்பையடி வட்டை
3 யூலை 1938

அன்புள்ள கண்ணகை,

நீ ஏசின கடிதம்தான், ஆனாலும் நாலுதரம் வாசித்தேன், பூதக்கண்ணாடி வைத்து.

சென்ற கிழமை விடியற்காலையில் யானை ஒன்று வந்து உப்பு மூட்டையைக் கிழித்துத் தின்றுவிட்டுப் போயிற்று. மூன்று நாள் உப்பில்லாத கஞ்சி. துரைக்குக் காய்ச்சல், எனக்கும் ஒரு நாள் நடுக்கம் வந்தது. கொயினா மருந்து விழுங்கினால் காதுக்குள் வண்டு பறக்கிறது. பின்கழுத்துத் தோல் வெயிலில் உரிந்து போயிற்று. முழங்கால் இரண்டும் காய்த்துவிட்டன, நாள் முழுக்க மண்ணில் முட்டுக்காலில் நிற்கிறேன் அல்லவா.

இத்தனையும் சொல்லிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். என் வயதில் இப்படிச் சந்தோசமாக நான் இருந்ததில்லை.

எப்படிக் கிண்டுகிறோம் என்று நினைக்கிறாய்? மண்வெட்டி போடுவது மேல்மண்ணுக்கு மட்டும்தான். அதற்குக் கீழே மேசன்மாரின் சாந்துக் கரண்டியால், பலாப்பழத் தோலைச் சீவுகிற மாதிரி மெல்ல மெல்லச் சீவ வேண்டும். மண்ணின் நிறம் மாறினால் உடனே நிறுத்த வேண்டும். சிவப்பு, சாம்பல், மறுபடி சிவப்பு. சாம்பல் என்றால் அங்கே யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். சீவின மண்ணை அரிதட்டில் அரித்தால் ஒரு நாள் ஒன்றுமில்லை, மறுநாள் ஒரு பாசிமணி. அந்த ஒரு மணிக்காகப் பன்னிரண்டு பேரும் வேலையை விட்டு ஓடி வருகிறார்கள்.

வியாழக்கிழமை ஒரு செங்கல் தளம் தெரிந்தது. அதில் ஒரு கல்லில் நாயின் காலடி, ஈரம் காயுமுன் மிதித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. மூத்ததம்பி அதைப் பார்த்துவிட்டு, "ஆர்ர நாய் இது? கட்டி வைக்கத் தெரியாதா?" என்று ஏசினான். துரைக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். மனிதர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்தில் நீ இல்லையே என்று அப்போது இருந்தது.

ஏன் சொல்லாமல் எழுதினீர்கள் என்று அன்றைக்குக் கேட்டாய். நாட்டுக்கு நல்லது, சரித்திரத்துக்கு நல்லது என்றெல்லாம் பதில் சொன்னேன். அது உண்மையில்லை. நில அளவைக் கந்தோரில் பதினெட்டு வருஷம் மற்றவர்களின் காணிக்கு எல்லை கீறினேன். ஒரு படத்திலும் என் பெயர் இல்லை. ஒன்றையாவது நான் கண்டுபிடித்தேன் என்று இருக்க வேண்டும் போலிருந்தது. உன்னிடம் கேட்டால் வேண்டாம் என்பாய், அதுதான் கேட்கவில்லை. இவ்வளவுதான் காரணம். சின்னக் காரணம்.

அழகரத்தினம்



தேற்றாத்தீவு
ஆடி 4

மங்கையின் அப்பாவுக்கு,

இந்தக் கடதாசியோட காக்காட்ட ஒரு பெட்டி குடுத்து விட்டிருக்கன். எருமைத் தயிர் ரெண்டு சட்டி, ஊறுகாய், சுறாக் கருவாடு, உப்பு. அது வேலைக்கு நிக்கிற ஆக்களுக்கு. உப்பில்லாமக் கஞ்சி குடிச்சிட்டு என்ட காணிக்க நிண்டாங்க எண்டு நாளைக்கு ஒரு கதை வரப்படாது. அடியில துணியில சுத்திக் கண்ணாடி இரிக்கு. அது மங்கை வச்சது. நான் எடுக்கல்ல.

காய்ச்சலெண்டா கொயினாவோட கொத்தமல்லியும் அவிச்சுக் குடியுங்க.

நீங்க சொன்ன காரணத்தை வாசிச்சன். சின்னக் காரணம்தான். ஆனா உள்ளதைச் சொன்னீங்க. அதுக்கு நானும் உள்ளதைச் சொல்லோணும்.

காணி போயிடுமெண்டு நான் அழல்ல. அண்டைக்கு ஊர் விதானையார் அரசாங்கக் கடதாசியோட வந்து நிண்டார். கிணத்தடியில அயலாக்கள் நாலு பேர். "என்ன கண்ணகை, உன்ட காணியை அரசாங்கம் அளக்கப் போகுதாம், புருஷன் எழுதித்தான் வருகுதாம், உனக்குத் தெரியாதா?" எண்டு கேட்டார். நான் என்னண்டு சொல்லுற? தெரியுமெண்டு பொய் சொன்னன். சொல்லிப்போட்டு உள்ளுக்கு வந்து கதவைச் சாத்தினன். பதினஞ்சு வருஷம் ஒரு பாயில படுத்து எழும்பின மனுசன்ட கதையை நான் விதானையார்ட வாயில கேக்கோணுமா? அதுதான் எனக்கு ஆறுதில்ல. காணியில்ல.

அந்த நாய்க்கதையை மங்கைக்கு வாசிச்சுக் காட்டினன். சிரிச்சாள்.

கண்ணகை



இலுப்பையடி வட்டை
7 ஆகஸ்ட் 1938

என் கண்ணகைக்கு,

கிணற்றடிக் கதை எனக்குத் தெரியாது. நீ அதை இதுவரை சொல்லவில்லை. வாசித்துவிட்டுக் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் போய் நெடுநேரம் இருந்தேன். மன்னித்துக்கொள் என்று எழுதினால் அது காணாது. ஆனாலும் எழுதுகிறேன். என்னை மன்னித்துக்கொள்.

தயிர் வந்த அன்று இங்கே திருவிழாதான். கண்ணாடியைப் போட்டதும் இரண்டு மாதமாக நான் கீறின கோடுகளைப் பார்த்தேன். அத்தனையும் கோணல். திரும்பக் கீறுகிறேன்.

கல்லைப் புரட்டிவிட்டோம். இதுவரை நாங்கள் கண்டது அதன் விளிம்பையும் அதில் இருந்த இரண்டு எழுத்தையும்தான். முகம் முழுக்க மண்ணைப் பார்த்துக் கிடந்தது. பன்னிரண்டு பேர் மரத்தடி கொடுத்து நெம்பினார்கள். தும்புக் கட்டால் தேய்த்துக் கழுவினோம். நனைத்த கடதாசியை அதன்மேல் விரித்து, எழுத்துப் பள்ளங்களுக்குள் அமரும்படி மெல்லத் தட்டி, மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் படி விழும். ஆனால் இந்தக் கச்சான் விட்டால்தானே! மூன்று கடதாசியைக் கிழித்தெறிந்தது. நாலாவதை விடியற்காலையில் காற்று எழும்புமுன் எடுத்தோம். அந்த நேரம் வெயில் சரிந்து விழுவதால், மத்தியானத்தில் தெரியாத எழுத்தெல்லாம் தானாக எழும்பி நிற்கும்.

பழைய தமிழ் எழுத்து. எழுநூறு எண்ணூறு வருஷம் இருக்கலாம் என்கிறார் துரை. அவருக்கு எழுத்தின் உருவம் தெரியும், சொல் தெரியாது. எனக்குச் சொல் தெரியும், உருவம் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காலைக்கு ஒரு வரி வாசித்தோம். எட்டு வரியில் தேறினது இவ்வளவுதான்: "குளத்தின் கீழ் நிலம் ... மகள் ... என் அறமாக விட்டேன்." அந்த நாளிலும் இந்த நிலம் ஒரு பெண்ணுடையதாக இருந்திருக்கிறது, கண்ணகை. பெயர் இருந்த இடத்தில் கல் உடைந்திருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். இதை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. மேட்டையும் சுற்றுப்புறத்தையும் அரசாங்கத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று துரை கேட்கிறார், நாலு ஏக்கர். எல்லைப் படத்தை வரைய வேண்டியவன் நான். அறுபது அடி உள்ளே தள்ளிக் கீறினால் ஒருவருக்கும் தெரியாது. உன் நிலம் உனக்கு மிஞ்சும். கீறவா? வேண்டாமா? நீ சொல்லும்வரை படத்தில் கை வைக்க மாட்டேன். வயிற்றோட்டம் என்று சொல்லிப் படுத்திருக்கிறேன். உண்மையில் ஒன்றுமில்லை, பயப்படாதே.

அழகரத்தினம்



தேற்றாத்தீவு
ஆவணி 3

மங்கையின் அப்பாவுக்கு,

பொய்க் கோடு கீறாதீங்க. பதினெட்டு வருஷம் நேராக் கீறின கை. எனக்காகக் கோணினா மறுகா நான் எந்த முகத்தோட உங்களைப் பாக்கிற?

மேட்டில நாங்க ஒருநாளும் ஏர் பூட்டினதில்ல. அது போனாப் போகட்டும். ஆனா மேட்டுக்குத் தெற்கால ஒரு வாய்க்கால் போகுது. மாரியில கீழ்வயலுக்குத் தண்ணி அதாலதான். அது அரசாங்க எல்லைக்குள்ள போனா மிச்ச வயலும் செத்திது. அதைத் துரைக்கு விளங்கப்படுத்துங்க. விளங்காட்டி நான் வந்து சொல்லுறன்.

கொக்கட்டிச்சோலைக் கோயில் தேருக்கு வாறதா நேர்த்தி ஒண்டு இரிக்கு. கன நாளா இரிக்கு. தேருக்கு வந்தா இலுப்பையடி அவ்வளவு தூரமில்லதானே. உங்களைப் பாக்க வாறனெண்டு நினைக்க வேணாம். காணியைப் பாக்க வாறன். மங்கையை என்ட தங்கச்சி வீட்டில விடுவன்.

அந்தப் பொம்பிளைட பேர் இருந்த இடத்தில மட்டும் ஏன் உடைஞ்சிது?

கண்ணகை



இலுப்பையடி வட்டை
18 செப்டெம்பர் 1938

கண்ணகை,

நீ போய் ஐந்து நாளாகிவிட்டது. வேலையாட்கள் தினமும் கேட்கிறார்கள், "போடியார் அம்மா எப்ப வருவா?" என்று. காணிக்காரி நீதானே அவர்களுக்குப் போடியார். தேரடியில் கும்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் காணியைப் பார்க்க வந்தவள், நாலு நாள் நின்றுவிட்டாய். அதை நான் அவர்களுக்குச் சொல்லிக்காட்டவில்லை.

நீ போனபிறகு நடந்ததைச் சொல்கிறேன். மேற்குக் கிடங்கில் வரிசையாகக் கிடந்த வெட்டுக்கற்களை ஒரு மாதமாகக் கட்டடத்தின் சுவர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம் அல்லவா. நீ வரம்பில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சுவரெண்டா ஏன் இப்பிடிச் சரிஞ்சு கிடக்கு? மாரியில தண்ணி இதாலதானே இறங்குற? இது சுவரில்ல, பழைய குளத்துக் கட்டு. அந்தா, அதில கிண்டிப் பாருங்க, மதகு இரிக்கும்" என்றாய். நான் மொழிபெயர்த்தபோது துரை புன்னகைத்தார், ஞாபகமிருக்கிறதா? மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு.

செவ்வாய்க்கிழமை நீ காட்டின இடத்தில் கிடங்கை நீட்டினோம். ஏழு அடியில் கருங்கல் பதித்த சதுரத் தொட்டி. பலகை இறக்குவதற்குக் கல்லில் நேராக வெட்டின பள்ளம். மதகுதான்! மேடு என்று நாம் சொல்வது குளக்கட்டின் ஒரு முனை. கல்வெட்டில் உள்ள "குளத்தின் கீழ் நிலம்" உன் கீழ்வயல். துரை தொப்பியைக் கழற்றிவிட்டுக் கிடங்குக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று மத்தியானம் குறிப்பேட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். "கிராமத்துப் பெண் ஒருத்தி காட்டிய இடம்" என்றிருந்தது. "ஐயா, அவளுக்குப் பெயர் இருக்கிறது" என்றேன். "இதில் அது அவசியமா?" என்றார். "அவசியம்" என்றேன். எப்படி அவ்வளவு துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. பிறகு பேனையை எடுத்து, எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். மூன்றுதரம் சொன்னேன். எழுதியிருக்கிறது, கண்ணகை.

எல்லையும் தீர்ந்தது. மேடும் மதகும் மட்டும், ஒன்றே முக்கால் ஏக்கர். வாய்க்கால் உன்னுடையது, தண்ணீர் உரிமையோடு. நேர்க்கோடாகவே கீறினேன்.

போகிற அன்று மூத்ததம்பி பார்த்துக்கொண்டு நிற்கவே என் கழுத்துக்கு எண்ணெய் பூசிவிட்டாயே. எரிச்சல் மாறிவிட்டது. அவனுடைய கேலிதான் இன்னும் மாறவில்லை.

அழகரத்தினம்



தேற்றாத்தீவு
புரட்டாதி 14

மங்கையின் அப்பாவுக்கு,

ஒண்டே முக்கால் ஏக்கர். மங்கைக்குச் சொன்னன். "அம்மாட பேர் புத்தகத்தில வருமா?" எண்டு கேட்டாள். எனக்கு வெக்கமாப் போச்சு. ஓம் எண்டு சொன்னன்.

தோள்ப்பட்டை இன்னும் நோகுது. மண்கடகம் சுமக்கத் தேவையில்லையெண்டு நீங்க சொல்லச் சொல்லச் சுமந்தன். மறுகா அந்தக் கரண்டியை வாங்கிச் சீவினன். சீவச் சீவ விட மனம் வரல்ல. இன்னும் ஒரு விரல் கீழ என்ன இரிக்குமோ, இன்னும் ஒரு விரல் எண்டு. சோறு குளிர்ந்து போச்செண்டு நீங்க மூண்டுதரம் கூப்பிட்டீங்க, எனக்குக் கேக்கவேயில்ல. உங்களைப் பிடிச்ச பேய் இதுதானெண்டா, நான் உங்களை ஏசினது கொஞ்சம் கூடிப்போச்சு. கொஞ்சம்தான்.

நான் சொல்ல வந்தது வேற. காத்து வாடையால கிறுகிட்டு, இப்ப வடக்கால வீசுது. நேத்தையிலிருந்து வாவி கலங்கிக் கிடக்கு, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுது. இந்தமுறை மாரி முந்தும். மேற்குக் கிடங்கில மேல மணல், கீழ களி. காஞ்சிருக்கும்போது கல்லு மாதிரி நிக்கும். ஒரு மழை குடிச்சா நிக்காது. வாய்க்கால் வெட்டுற இடத்தில என்ட மாமா ஒருத்தர் அப்பிடி மண் விழுந்துதான் செத்தவர். முதல் மழைக்குப் புறகு அதுக்குள்ள ஒருத்தரையும் இறக்காதீங்க. துரை சொன்னாலும் இறக்காதீங்க. நீங்களும் இறங்காதீங்க.

மூத்ததம்பியை விதைப்புக்கு அனுப்புங்க. ஆக்கள் காணாது.

கண்ணகை



இலுப்பையடி வட்டை
17 ஒக்டோபர் 1938

என் கண்ணகைக்கு,

முதலில் இதை வாசி: நான் நலம். ஒருவரும் சாகவில்லை. ஆதம்பாவாக் காக்கா வழியில் வேறு மாதிரி ஏதாவது சொல்லியிருந்தால் நம்பாதே. இனி மெல்ல வாசி.

பத்தாம் திகதி பின்னேரம் மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. வாடிக்குள் முழங்கால் தண்ணீர், கடதாசிப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். அட்டை கடித்துக் கால் முழுக்க இரத்தம். பதின்மூன்றாம் திகதி காலை வெளித்தது. மதகுத் தொட்டியின் அடித்தளத்தைக் காண இன்னும் ஒன்றரை அடிதான். ஆட்களை இறக்கச் சொன்னார் துரை.

"இறக்க மாட்டேன்" என்றேன்.

"ஒரு நாள் வேலை. நாளைக்கு மழை வந்தால் ஒரு வருஷம் போய்விடும்."

"மண் தண்ணீர் குடித்திருக்கிறது, ஐயா. நிற்காது."

"யார் சொன்னது?"

"மதகைக் காட்டினவள்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்படியானால் உன் பெட்டியைக் கட்டு" என்றார். நானும் வாடிக்குப் போய்க் கட்டத் தொடங்கினேன். வேலையாட்கள் ஒருவரும் இறங்கவில்லை. துரை கரண்டியை எடுத்துக்கொண்டு தானே இறங்கிவிட்டார்.

நான் சட்டை மடித்துக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் ஒன்றுமில்லை. நெல்மூட்டையைத் தோளிலிருந்து நிலத்தில் போட்ட மாதிரி ஒரு சத்தம். பிறகு எல்லோரும் கத்துகிறார்கள். ஓடிப் போனால் மேற்குச் சுவரே இல்லை. துரை நெஞ்சு வரைக்கும் மண்ணுக்குள். தொப்பி மட்டும் தனியே கிடந்தது. இறங்காதே என்று நீ எழுதியிருந்தாய். இறங்கினேன், கண்ணகை. அதற்கு மட்டும் என்னை ஏசு. மண்வெட்டி போட்டால் ஆளை வெட்டிவிடும், கையால்தான் அள்ள வேண்டும். கீழ்வயலில் விதைத்துக்கொண்டிருந்த மூத்ததம்பியும் ஆட்களும் விதைப்பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஒரு மணி நேரம். மற்றப் பக்கச் சுவரைப் பலகையால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெளியே எடுத்தபோது விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது. மூச்சு இருந்தது.

ஆதம்பாவாக் காக்காவின் தோணியில் வைத்து மட்டக்களப்பு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நேற்றுப் போய்ப் பார்த்தேன். படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு, "பன்னிரண்டு பேர் உள்ளே இருந்திருப்பார்கள்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு உன்னிடம் தனக்காக நன்றி சொல்லச் சொன்னார்.

மேற்குக் கிடங்கு போயிற்று. இரண்டு மாத வேலை. படங்கள் தப்பின. இன்றைக்கு ஆட்களை வைத்து மிச்சக் கிடங்குகளையும் மண் போட்டு மூடுகிறேன். நாங்கள் பார்த்ததையெல்லாம் நாங்களே மூடுவது என்னவோ போலிருக்கிறது. ஆனால் அப்படித்தான் மூட வேண்டும். வெயிலிலும் மழையிலும் விட்டால் கெட்டுவிடும்.

இன்னொன்று. வருகிற கோடையில் பொலனறுவைப் பக்கம் பெரிய வேலை தொடங்கப் போகிறதாம். நிரந்தர உத்தியோகமாக வா என்கிறார் துரை. என் பெயரும் அறிக்கையில் வரும். எனக்கு ஆசை இருக்கிறது, இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். பதில் சொல்லவில்லை.

அதை இப்போது கேட்கவும் இல்லை. ஐந்து மாதமாகிறது. வீட்டில் கால் வைக்கத் தேவையில்லை என்றாய். அதை நீ இன்னும் திருப்பி எடுக்கவில்லை. வரலாமா?

அழகரத்தினம்



தேற்றாத்தீவு
ஐப்பசி 8

மங்கையின் அப்பாவுக்கு,

முதல் வரியை நீங்க எழுதினது நல்லதாப் போச்சு. காக்கா முகத்தைப் பாத்தே கடதாசியைப் பறிச்சுப் பிரிச்சன். வாசிச்சு முடிச்சிட்டு அடுப்படியில இருந்து அழுதன். மங்கை வந்து தண்ணி தந்தாள். மறுகாத்தான் எழும்பினன்.

ஏசச் சொல்லியிருக்கிறீங்க. ஏச வரல்ல. இறங்காமப் பாத்துக்கொண்டு நிண்டிருந்தா அது நீங்களில்ல. ஆனா இன்னொருதரம் இப்பிடிச் செய்தீங்களெண்டா நானே வந்து கிடங்குக்க தள்ளுவன்.

துரைக்கு முடக்கத்தான் ரசம் வச்சு அனுப்பியிருக்கன், ஆசுப்பத்திரியில விடுவாங்களோ தெரியாது. அந்த மனுசனுக்கும் பெண்டில் பிள்ளை இரிக்கும்தானே.

கீழ்வயல் விதைப்பு முடிஞ்சிது. நேத்து மூத்ததம்பி வந்து சொன்னான், வாய்க்காலால தண்ணி நல்லா இறங்குதாம், முளை பச்சை காட்டுதாம்.

உத்தியோகத்துக்கு ஓம் எண்டு எழுதுங்க. நான் யோசிச்சுத்தான் சொல்லுறன். இந்த மாரி முழுக்க வீட்டில இருங்க. மாசியில நெல்லு வெட்டி, பங்குனியில சூடடிச்சு முடிஞ்சா எனக்கும் வயலில வேலை இல்ல. மங்கையைத் தங்கச்சி பாப்பாள். நானும் உங்களோட வாறன், ஒரு மாசமாவது. சமைக்க வாறனெண்டு துரைக்குச் சொல்ல வேணாம். கரண்டி பிடிக்க வாறனெண்டு சொல்லுங்க.

வரலாமா எண்டு கேட்டிருக்கிறீங்க. வெள்ளிக்கிழமை காக்கா தோணி அந்தப் பக்கம் வரும். பெட்டியெல்லாத்தையும் ஏத்துங்க, நனையாமப் பாத்து. சேறு மிதிச்ச காலோட வந்தாலும் காரியமில்ல.

இந்தக் கடதாசியை உங்களைத் தவிர ஆர் பாக்கப் போறாங்க. பதினஞ்சு வருஷத்தில வாயால ஒருதரமும் சொன்னதில்ல, எழுத்திலயாவது ஒருக்கா எழுதிப் பாக்கிறன்.

அழகரத்தினம், வீட்ட வாங்க.

கண்ணகை